திரும்பி வந்தவனை அதற்குள் மன்னிக்காதீர்கள்: சின்ன ஊர்க் காதல் கதை எழுத நினைப்பவர்களுக்கு

என் முதல் தொடர்கதையின் பதினாலாவது எபியில் (எபிசோடைத்தான் இப்படிச் சொல்கிறோம்) கதாநாயகனை லாரியில் அடிபட வைத்தேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவளை நட்டாற்றில் விட்டுப் போனவன் தலையில் கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான், அவள் ஓடி வந்தாள், அழுதாள், மன்னித்தாள், சுபம். எங்கள் வீட்டில் கதை படிக்கிற ஒரே ஆள் என் மதினி. படித்து முடித்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். "லாரிக்காரன் அன்னைக்கு லீவு போட்டிருந்தா இவ என்ன செஞ்சிருப்பா?"

என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால் அவனை மன்னித்தது அவளே இல்லை, நான்தான். எழுதி எழுதி எனக்கு அவனைப் பிடித்துப்போயிருந்தது, கதையை முடிக்கிற அவசரமும் இருந்தது, அதனால் ஒரு லாரியை வரவழைத்தேன். பிரிந்தவர்கள் மறுபடி சேரும் கதை, அதாவது மறுவாய்ப்புக் கதை, எழுத வேண்டும் என்று யாராவது யோசனை கேட்டால் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: அவள் மன்னிக்கிற வரைக்கும் நீங்கள் மன்னிக்காதீர்கள். மீதி எல்லாம் அதற்கான வேலைதான்.

நான் கேரள எல்லையை ஒட்டின செங்கோட்டைக்காரி. அதனால் உதாரணம் எல்லாம் இந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். உங்கள் ஊர் களியக்காவிளையாக இருக்கலாம், கம்பமாக இருக்கலாம், அதற்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

தப்பை முதலில் எழுதுங்கள், ரூபாய் பைசாவோடு

நாம் பெரும்பாலும் செய்வது என்னவென்றால், பிரிவுக்கு ஒரு "தவறான புரிதல்" வைத்துவிடுவோம். அத்தை மகள் கடிதத்தை ஒளித்து வைத்திருப்பாள், யாரோ போட்டோவை மாற்றிக் காட்டியிருப்பார்கள். இருபது எபி கழித்து உண்மை தெரிந்ததும் இரண்டு பேரும் நல்லவர்களாகி விடுவார்கள். இதில் மன்னிக்க என்ன இருக்கிறது? யாரும் தப்பே செய்யவில்லையே. மன்னிப்பைப் பற்றிக் கதை எழுத வேண்டுமென்றால் ஒருவர் நிஜமாகவே தப்பு செய்திருக்க வேண்டும், அது வாசகருக்கும் வலிக்க வேண்டும்.

நான் இப்போது எழுதுகிற கதையிலிருந்தே காட்டுகிறேன். அவள் பெயர் இசக்கியம்மாள், அவன் சுடலைமுத்து. (கதாநாயகனுக்கு ஆதித்ய வர்மன் என்று பெயர் வைத்தால்தான் ஓடும் என்கிறார்கள். பிரானூர் மரக்கடையில் மரம் ஏற்றுகிற ஆதித்ய வர்மனை நான் இன்னும் பார்க்கவில்லை.) 2010-இல் அவளுக்கு இருபது வயது. தினமும் காலையில் செங்கோட்டையிலிருந்து ரயிலில் கேரளப் பக்கத்துப் புனலூர் போய் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். அவனுக்கு பிரானூரில் மரம் அறுக்கும் மில்லில் வேலை, சொந்தமாக ஒரு லோடு ஆட்டோ வாங்க வேண்டும் என்று ஆசை. முன்பணத்துக்கு அவள் தன் கழுத்தில் கிடந்த இரண்டு பவுன் செயினைக் கழற்றிக் கொடுக்கிறாள். அது இறந்துபோன அம்மாவின் செயின். அடகு வைக்கக் கூடவே போகிறாள், அவள் பெயரில்தான் வைக்கிறார்கள், அவள்தான் கையெழுத்துப் போடுகிறாள். அப்போது பவுன் பதினாலாயிரத்தை ஒட்டி, கையில் கிடைத்தது இருபத்தோராயிரம்.

அவன் ஆட்டோ வாங்கவில்லை. அக்காள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனில் ஒரு பகுதியைக் கட்டிவிட்டு, மீதியை எடுத்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் வளைகுடாவுக்குப் போய்விட்டான். போன் நம்பரும் மாறிவிட்டது.

இதுவரைக்கும் எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் இன்னும் ஒரு படி உள்ளே போக வேண்டும். அடகு வைத்த நகைக்கு வட்டி கட்டாவிட்டால் என்ன ஆகும்? நோட்டீஸ் வரும். யார் பெயருக்கு? இசக்கி பெயருக்கு. எங்கே? வீட்டுக்கு, பதிவுத் தபாலில். தபால்காரர் வந்த நேரத்தில் அவள் புனலூரில் இருக்கிறாள், அப்பா திண்ணையில் இருக்கிறார். கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்துப் படிக்கிறார். செயின் பீரோவில் இருப்பதாகத்தான் அவர் அதுவரை நினைத்திருந்தார். சாயங்காலம் அவள் வரும்போது அந்தக் காகிதம் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில், பறக்காமல் இருக்க மேலே தம்ளர் வைத்து, இருக்கிறது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒன்றுமே கேட்கவில்லை.

இந்தக் காட்சியை எழுதியபோதுதான் எனக்கே சுடலைமுத்து மேல் கோபம் வந்தது. அந்தக் கோபம்தான் கதைக்கு முதலீடு. அவன் விட்டுப்போனது ஒரு தப்பு, செயின் போனது ஒரு தப்பு, அப்பா பேச்சை நிறுத்தியது மூன்றாவது. இந்த மூன்றாவது அவன் நேரடியாகச் செய்ததுகூட இல்லை, ஆனால் அவன் கணக்கில்தான் வரும். ஊர் ஒரு நாலாவதையும் சேர்த்தது: "செயினக் கழத்திக் குடுத்தவ" என்று அவளுக்கு ஒரு பட்டம்.

ஒரு நோட்டில் இப்படி வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கதை முடிவதற்குள் ஒவ்வொன்றுக்கும் என்ன ஆயிற்று என்று நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். ஒன்றிரண்டு தீராமலே போகலாம், ஆனால் அதை நீங்கள் தெரிந்தே விட்டதாக இருக்க வேண்டும், மறந்து விட்டதாக இருக்கக் கூடாது.

அவன் ஏன் போனான் என்பதற்குக் காரணம் வேண்டும், அந்தக் காரணம் நியாயமாகவும் இருக்க வேண்டும், ஆனால் அவனைக் காப்பாற்றுகிற அளவுக்கு நியாயமாக இருக்கக் கூடாது. என் முத்து பயந்துவிட்டான், அவ்வளவுதான். கடன்காரன் வாசலில் நின்றான், ஏஜென்ட் நாளைக்கே விமானம் என்றான், இவளிடம் சொன்னால் போகவிட மாட்டாள் என்று நினைத்தான். அங்கே போன பிறகு வெட்கம். முதல் மாசம் போன் பண்ண வெட்கம், ஆறாவது மாசம் அதைவிட வெட்கம், இரண்டு வருஷம் ஆனதும் இனிமேல் எந்த முகத்தோடு என்று. இப்படி ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நம் வீட்டிலேயே இருப்பார்கள்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்லிவிடுகிறேன். அடித்தவன், பலவந்தமாகத் தாலி கட்டினவன், ஜாதி பார்த்து ஆள் வைத்து மிரட்டின குடும்பத்துக்குத் துணை போனவன், இவர்களை எல்லாம் கடைசி எபியில் ஒரு பூங்கொத்தோடு திருத்திக் காட்டாதீர்கள். அந்த வகைக் கதைகள் நன்றாக ஓடுகின்றன என்று தெரியும். படிக்கிறவர்களில் யாரோ ஒருத்தி அன்று ராத்திரிதான் அடி வாங்கியிருப்பாள் என்பதும் தெரியும்.

ஊரை வால்பேப்பராக ஒட்டாதீர்கள்

சின்ன ஊர்க் கதை என்றால் மழை, வயல், டீக்கடை என்று நாலு வரி எழுதிவிட்டு அப்புறம் எல்லாமே நாலு சுவருக்குள் நடக்கும். ஊரைக் கதையை விட்டு எடுத்தாலும் கதை நிற்குமென்றால் அந்த ஊர் எதற்கு? ஊருக்கு என்று ஒரு வரலாறு இருக்கும், உங்கள் காதலர்களின் வரலாறு அதன் மேல் எங்கேயாவது உரச வேண்டும்.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, அன்றைக்குத்தான் சென்னை மாநிலத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு, சேர்ந்தது. திருவிதாங்கூர் சின்னம் பொறித்த வளைவு ஒன்று ஊரில் இன்னும் நிற்கிறது. அப்புறம் திருநெல்வேலி மாவட்டமாக இருந்து, 2019-இலிருந்து தென்காசி மாவட்டம். ஆக, நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு மாநிலமும் மாறி மாவட்டமும் மாறின ஊர். தாத்தா பிறந்தது ஒரு மாநிலம், பேரன் பிறந்தது இன்னொரு மாநிலம், வீடு அதே வீடு. "பழசை மறந்துட்டுப் புதுசா ஆரம்பிக்கலாம்" என்று ஒருவன் சொன்னால் இந்த ஊர் கிழவிகள் சிரிப்பார்கள்.

எனக்கு இதைவிடப் பெரிதாகக் கிடைத்தது ரயில். கொல்லம்-செங்கோட்டை பாதையில் பயணிகள் ரயில் ஓட ஆரம்பித்தது 1904-இல். பகவதிபுரம் தாண்டினால் குகை, அதற்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, அப்புறம் இடப்பாளையம், கழுதுருட்டி, பதிமூன்று கண் பாலம், தென்மலை, புனலூர். மீட்டர்கேஜ் வண்டி குகைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் ஓவென்று கத்தும். என் கதையில் முத்து முதன்முதலாக இசக்கி கையைப் பிடித்தது அந்தக் கத்தலுக்கு நடுவில்தான். 2010 செப்டம்பரில் அகலப்பாதையாக மாற்ற வேண்டும் என்று செங்கோட்டை-புனலூர் வண்டியை நிறுத்தினார்கள். மறுபடி ரயில் ஓடியது 2018-இல். எட்டு வருஷம்! நான் ஒன்றும் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. ரயில் நின்ற மாசம் அவன் போனான், ரயில் வந்த வருஷம் அவன் வந்தான். நடுவில் எட்டு வருஷமும் அவள் பஸ்ஸில், புளியரை வளைவுகளில் வாந்தி எடுக்காமல் இருக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வேலைக்குப் போனாள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு அதே மலையில், அதே பாதையில் 1,676 மில்லிமீட்டர் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள் என்பது மறுவாய்ப்புக் கதைக்குத் தங்கமான உவமை. அதனாலேயே அதை எந்தப் பாத்திரத்தின் வாயிலும் வைக்காதீர்கள். "நம்ம காதலும் இந்த ரயில் மாதிரிதான் இசக்கி" என்று அவன் சொன்னால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். ரயிலை ஓடவிடுங்கள், போதும்.

எல்லைப்பக்கம் என்பதால் வேறு சில வசதிகளும் உண்டு. ஊர்க்கண் படாமல் பேச வேண்டுமென்றால் பஸ் ஏறி தென்மலையோ புனலூரோ போய்விடலாம் என்று காதலர்கள் நினைப்பார்கள். புனலூரில் 1877-இல் கட்டி முடித்த தூக்குப்பாலம் இருக்கிறது, கீழே கல்லடையாறு, நின்று பேச நல்ல இடம். ஆனால் தமிழ்நாட்டில் 2003-இலிருந்து லாட்டரி கிடையாது, ஆகவே ஆரியங்காவு பக்கம் லாட்டரிச் சீட்டு வாங்க நம் ஊர் ஆட்கள் பஸ் பஸ்ஸாகப் போவார்கள். என் கதையில் அவர்களை முதலில் பார்த்தது முடிவெட்டுகிற கணேசண்ணன். அவர் லாட்டரி வாங்கப் போனதை வீட்டில் சொல்ல முடியாது, அதனால் இவர்களைப் பார்த்ததையும் சொல்ல முடியாது. இரண்டு எபிக்கு எனக்கு அது போதுமானதாக இருந்தது.

சாரலைப் பற்றி இரண்டு வரி. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை குற்றால சீசன். கதைகளில் வருகிற மாதிரி இடி மின்னலோடு கொட்டி கதாநாயகியைக் கதாநாயகன் மேல் தள்ளுகிற மழை அதில்லை. நூல் நூலாக நாள் முழுக்கத் தூறும், கொடியில் போட்ட பாவாடை மூன்று நாளாகக் காயாது, தீப்பெட்டி நமத்துப்போகும், பார்டர் பரோட்டாக் கடைகளில் வெளியூர்க் கார்கள் நிற்கும், உள்ளூர்க்காரனுக்கு உட்கார இடம் கிடைக்காது. காயாத பாவாடையை எழுதுங்கள்.

அவன் வந்து இறங்கும் நாள்

இதற்கு நல்ல இடம் தேடி நான் ரொம்ப நாள் அலைந்தேன். கோயில் கொடையில் சந்திக்க வைத்தேன், சரிவரவில்லை, எல்லோரும் சிரித்த முகமாக இருக்கிறார்கள். பஸ்ஸில் வைத்தேன், அவள் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடலாமே. கடைசியில் துஷ்டி வீட்டில் வைத்தேன். முத்துவின் பெரியம்மை இறந்துபோகிறாள், அவன் வருகிறான். இசக்கிக்கும் அந்தக் கிழவி வேண்டியவள், அவளும் போயாக வேண்டும்.

துஷ்டி வீட்டில் "வாங்க" என்று யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. போகும்போது "போயிட்டு வாரேன்" என்றும் சொல்வதில்லை. எட்டு வருஷம் கழித்து வந்தவனை ஊர் வரவேற்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரே வீடு அது. அவன் வருகிறான், ஒருவரும் வா என்று சொல்லவில்லை, அது துக்கத்தாலா வெறுப்பாலா என்று அவனுக்குத் தெரியவில்லை. பந்தலில் நாற்காலியை ஒருவர் லேசாக நகர்த்திப் போட்டுக்கொள்கிறார், மழை ஒழுகுகிறது என்பது போல. பெண்கள் பக்கத்தில் இசக்கி இருக்கிறாள். அழ வேண்டிய இடம் என்பதால் அவள் அழலாம், யாருக்காக என்று யாரும் கேட்க முடியாது.

உங்கள் கதைக்கு இதே இடம்தான் என்று இல்லை. நான் பார்க்கச் சொல்வது இரண்டு விஷயம்: இரண்டு பேரும் எழுந்து போக முடியாத இடமாக இருக்க வேண்டும், இரண்டு பேரும் பேச முடியாத இடமாகவும் இருக்க வேண்டும். பேசாமலே எவ்வளவு நேரம் இழுக்க முடியுமோ இழுங்கள். என் கதையில் அவர்கள் பேசிக்கொண்டது ஏழாவது எபியில்.

நீ, நீரு, நீங்க

ஆங்கிலக் காதல் கதைகளைப் பார்த்து எழுதுகிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். நம்மிடம் கோபத்தைக் காட்ட கத்த வேண்டியதில்லை, மரியாதை கொடுத்தால் போதும்.

அந்தக் காலத்தில் இசக்கி அவனை "நீ" என்றுதான் கூப்பிடுவாள். எட்டு வருஷம் கழித்து, புளியரை பஸ்ஸில், சில்லறை தருவதற்காகக் கண்டக்டர் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஐம்பது ரூபாய் நோட்டைக் கொடுத்துவிட்டு, பிரித்துக்கொள்ளுங்கள் என்று போய்விடுகிறார். வேறு வழியில்லை, பேசியாக வேண்டும்.

"நீங்க எவ்வளவு குடுத்தீங்க?"

"இசக்கி..."

"நான் நூறு ரூவா குடுத்தேன். நீங்க எவ்வளவு குடுத்தீங்கன்னு சொன்னீங்கன்னா மிச்சத்தக் குடுத்துருவேன்."

அந்த "நீங்க"வில் அவன் செத்துப்போகிறான். இதற்கு மேல் அவள் முகம் சிவந்தது, உதடு துடித்தது என்று ஒன்றுமே எழுத வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் இரண்டுக்கும் நடுவில் "நீரு" என்று ஒன்று இருக்கிறது. பாதி மரியாதை, பாதி நையாண்டி. பதினெட்டாவது எபியில் அவன் அவளுக்காகக் காத்திருந்து நனைந்துபோய் நிற்கும்போது அவள் கேட்கிறாள், "நீரு என்ன இங்க கெடந்து நனையுதீரு?" படிக்கிறவர்கள் அங்கேயே விசில் அடிப்பார்கள், ஏனென்றால் அந்த "நீங்க" ஒரு படி இறங்கிவிட்டது. எந்த எபியில் எந்தச் சொல் என்று முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். "நீ" திரும்பி வருகிற இடம்தான் உங்கள் உச்சக்காட்சி, முத்தம் எல்லாம் அதற்கப்புறம்.

வட்டார வழக்கை உரையாடலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கதை சொல்லும் நடையில் அளவாகப் போதும். புனலூர் ஆட்களைச் சினிமா மலையாளத்தில் பேசவிடாதீர்கள். துணிக்கடை முதலாளி இசக்கியோடு தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார், பத்து வருஷமாக அங்கே வேலை பார்ப்பவளுக்கு ஓணம் சமயத்தில் கூட்டம் நெரியும்போது மலையாளம்தான் முதலில் வாயில் வரும். சண்டை போடும்போது அவளை அறியாமல் ஒரு மலையாளச் சொல் வந்து விழட்டும், அவன் இல்லாத எட்டு வருஷத்தில் அவள் வேறு ஆளாகி இருக்கிறாள் என்று அவனுக்கு அப்போதுதான் உறைக்கும்.

தூது போகிறவர்கள்

சங்கப் பாட்டில் மருதத் திணை முழுக்க இந்த மறுவாய்ப்புச் சங்கதிதான். தப்பு செய்துவிட்டுத் திரும்பி வருகிற தலைவன் நேராக வீட்டுக்குள் வருவதில்லை. பாணனை அனுப்புவான், தோழியைப் பிடிப்பான், இவர்களுக்கு வாயில்கள் என்று பெயர். தலைவி மறுத்தால் அது வாயில் மறுத்தல், இசைந்தால் வாயில் நேர்தல். கதவைத் திறப்பதற்கு முன்னால் கதவுக்கு வெளியே இத்தனை பேரை நிறுத்தி வைத்த மொழியில் நாம் எழுதுகிறோம், அப்புறம் ஏன் வாட்ஸாப்பில் ஒரு நீளமான ஸாரியோடு முடிக்க வேண்டும்?

தூது வருகிறவருக்கு ஒரு சொந்தக் கணக்கு இருக்க வேண்டும் என்பது மட்டும் விதி. முத்துவின் அக்காள் தூது வருகிறாள். யார் கல்யாணக் கடனுக்காக அந்தச் செயின் போயிற்றோ அதே அக்காள். அவளுக்கு அது இப்போதுதான் தெரிய வந்திருக்கிறது. தம்பிக்காகப் பேச வந்தவள் பாதியில் தனக்காகப் பேச ஆரம்பித்துவிடுகிறாள். இசக்கி அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்து, "மதினி" என்று கூப்பிட வாயெடுத்து, "அக்கா" என்று மாற்றிக் கூப்பிடுகிறாள். மறுத்தாயிற்று. ஆனால் காபி கொடுத்தாயிற்று.

எவ்வளவு காலம் மறுக்கலாம்? ஊடல் உப்பு மாதிரி, கொஞ்சம் கூடினாலும் கெட்டுவிடும் என்று வள்ளுவர் சொல்லியிருக்கிறார். சாம்பாருக்கு உப்புப் போடுகிற யாருக்கும் இது தெரியும், இருந்தும் நாற்பது எபிக்கு இழுப்போம். புதுக் காரணம் கிடைக்கிற வரை இழுங்கள். பழைய காரணத்தையே அவள் மூன்றாவது தடவை சொல்ல ஆரம்பித்தால் உப்புக் கூடிவிட்டது.

மன்னிப்பு எங்கே நடக்க வேண்டும்

முத்து வளைகுடாவிலிருந்து வரும்போது புதுசாக ஒரு இரண்டு பவுன் செயின் வாங்கி வருகிறான். 2018-இல் பவுன் இருபத்து மூன்றாயிரத்தை ஒட்டி, நல்ல கனமான செயின்தான். எல்லாக் கதையிலும் இந்த இடத்தில் அவள் அழுதுகொண்டே கழுத்தை நீட்டுவாள். இசக்கி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடித் திருப்பிக் கொடுக்கிறாள். "நல்லா இருக்கு. யாருக்குன்னு வாங்குனீங்களோ அவியளுக்குக் குடுத்துருங்க. எங்க அம்ம செயின்ல கொக்கி ஒடஞ்சி ஊக்கு மாட்டியிருக்கும்."

அந்தச் செயின் ஏலத்தில் போய் உருகி எங்கேயோ எவர் காதிலோ இருக்கிறது. அது திரும்ப வராது. திரும்ப வராததைப் பணத்தால் ஈடுகட்டுகிற மாதிரி எழுதினால் கதை நகைக்கடை விளம்பரமாகிவிடும். அவன் செய்யக்கூடியது என்ன என்று எனக்கே தெரியாமல் பத்து நாள் எழுதாமல் கிடந்தேன். அப்புறம் நோட்டில் எழுதின அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நாலாவது: "செயினக் கழத்திக் குடுத்தவ."

சேதம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்த்தான் சரி செய்ய வேண்டும். அந்தப் பட்டம் எங்கே உயிரோடு இருக்கிறது? முடிவெட்டும் கடையில், ரேஷன் கடை வரிசையில், கல்யாண வீட்டுப் பந்தியில். ஆகவே முத்து கணேசண்ணன் கடைக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை காலை, பெஞ்சு நிறைய ஆள். கழுத்தில் துணியைக் கட்டியாயிற்று, முகத்தில் சோப்பு நுரை, கண்ணாடியில் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லோரும் தெரிகிறார்கள். வழக்கம்போல ஒருவர் அந்தப் பேச்சை எடுக்கிறார். அப்போது அவன் சொல்கிறான், "அவ குடுக்கல அண்ணாச்சி. ஆட்டோ வாங்கப்போறேன்னு பொய் சொல்லி நாந்தான் வாங்குனேன். அடகு வச்ச காச எடுத்துட்டு ஓடுனதும் நாந்தான்." நுரையோடு, எழுந்து போகவும் முடியாமல், கத்தி தாடைக்குக் கீழே இருக்கும்போது.

இசக்கி அங்கே இல்லை என்பதைக் கவனியுங்கள். அவள் பார்க்க வேண்டும் என்பதற்காக அவன் செய்திருந்தால் அது இன்னொரு செயின் டப்பா. அவளுக்கு விஷயம் சுற்றி வளைத்து நாலு நாள் கழித்து, பாதி திரிந்து போய்த்தான் வந்து சேர்கிறது, சின்ன ஊரில் எல்லாமே அப்படித்தானே வந்து சேரும்.

"மன்னிச்சிட்டேன்" என்று அவளைச் சொல்லவைக்காதீர்கள். நம் வீடுகளில் அந்தச் சொல்லை யார் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள்? "சரி விடு" என்போம், "அது போகுது" என்போம், இல்லாவிட்டால் இட்லி எத்தனை என்று கேட்போம்.

இவை சீக்கிரமாக

கல்யாணமாகிப் பிரிந்தவர்கள் கதை என்றால் சட்டத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டதும் விவாகரத்து ஆகிவிடாது. இந்துத் திருமணச் சட்டம் 13-பி பிரிவில் பரஸ்பர சம்மதத்தோடு கேட்க வேண்டுமென்றால் ஒரு வருஷமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனு போட்ட பிறகு ஆறு மாசம் காத்திருக்க வேண்டும். 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆறு மாசத்தைத் தேவைப்பட்டால் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று சொல்லிவிட்டது, அதனால் வழக்கறிஞர் பாத்திரம் கட்டாயம் அதைப் பற்றிப் பேசுவார். தளர்த்தக் கேட்கலாமா வேண்டாமா என்று ஒருவர் தயங்கினால் போதும், அந்த ஆறு மாசமே உங்கள் நாவல்.

விபத்து, புற்றுநோய், "இது உங்க குழந்தை", மூன்றையும் தொடாதீர்கள். கதாநாயகிக்கு நடுவில் ஒரு வரன் வந்து நிற்பது பரவாயில்லை, ஆனால் அவனைக் குடிகாரனாக்காதீர்கள், நல்லவனாகவே இருக்கட்டும், அப்போதுதான் அவள் தேர்ந்தெடுப்பதற்கு மதிப்பு. காலத்தை 2020-க்குக் கொண்டு போனால் ஊரடங்கில் புளியரை சோதனைச்சாவடியில் இ-பாஸ் இல்லாமல் அந்தப் பக்கம் போக முடியாது என்பது நினைவிருக்கட்டும். புனலூரில் மாட்டிக்கொண்ட ஒருத்தியும் செங்கோட்டையில் மாட்டிக்கொண்ட ஒருவனும், நடுவில் ஐம்பது கிலோமீட்டர் மலையும் என்று ஒரு கதை எனக்கு வரிசையில் இருக்கிறது, நீங்கள் முந்திக்கொண்டாலும் கோபமில்லை.

கடைசி எபி

கல்யாணத்தோடு முடிக்கத்தான் வேண்டுமா என்று கேட்கிறார்கள். உங்கள் இஷ்டம். ஆனால் பட்டியலில் மூன்றாவது பாக்கி இருக்கிறது, அப்பா. இசக்கி மன்னித்தால் அப்பாவும் மன்னித்தாக வேண்டும் என்று இல்லை. அவர் மகளிடம் பேச்சை நிறுத்தின எட்டு வருஷத்துக்கு அவரும்தான் பதில் சொல்ல வேண்டும், அவருக்கும் அது தெரியும். அதனால் அவருக்கு முத்து மேல் இருப்பது கோபம் மட்டும் இல்லை.

இதை நான் ஆறு தடவை எழுதிக் கிழித்தேன். இப்போது இருப்பது இப்படி. முத்து வீட்டுக்கு வருகிறான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று தெரியாமல் நிற்கிறான். அப்பா திண்ணையில், தபால்காரர் அன்று வந்தபோது உட்கார்ந்திருந்த அதே இடத்தில். "நீ" என்று கூப்பிட அவருக்கு மனசில்லை, அது வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி ஆகிவிடும். "நீங்க" என்று கூப்பிட வாய் வரவில்லை, இவனுக்கு என்ன மரியாதை. ரொம்ப நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். உள்ளே இசக்கி தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கிற சத்தம்.

அப்புறம் யாரிடமோ சொல்வது போலக் கேட்கிறார்.

"சாப்பிட்டாச்சா?"